ஒரே நாரையை எத்தனை பேர் பார்த்தார்கள்?

ரமழான் இருபத்தொன்பதாம் நாள், பொழுது படும் நேரத்தில் எங்கள் ஊர்களில் ஆட்கள் கடலுக்கு முதுகு காட்டி நிற்பார்கள். கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அக்கரைப்பற்று என்று இந்தக் கரை முழுவதும் கடல் கிழக்கே கிடக்கிறது. பிறை தெரிவதோ மேற்கே, வயல் வட்டைகளுக்கு மேலே. யாராவது கண்டால் செய்தி கொழும்புப் பெரிய பள்ளிவாசலுக்குப் போகும். அங்கே கூடியிருக்கும் பிறைக்குழு, கேட்ட மாத்திரத்தில் பெருநாளை அறிவித்துவிடாது. கண்டவர் யார், எந்த ஊர், எத்தனை மணிக்கு, எந்தப் பக்கத்தில், பக்கத்தில் நின்றவர்களும் கண்டார்களா என்றெல்லாம் விசாரிக்கும். நாடு முழுவதிலும் இருந்து நம்பத்தகுந்த சாட்சி ஒன்றும் வராவிட்டால், அதிலிருந்தும் ஒரு முடிவு பிறக்கும்: மாதம் முப்பதாகப் பூர்த்தியாகும்.

அரிய பறவை ஒன்றைப் பற்றிய அறிவும் ஏறத்தாழ இப்படித்தான் சேர்கிறது. ஒருவர் காண்கிறார், சொல்கிறார், கேட்பவர்கள் விசாரிக்கிறார்கள், ஏற்கிறார்கள் அல்லது ஒதுக்கி வைக்கிறார்கள். காணாதவர்களின் சொல்லும் கணக்கில் சேர்கிறது. இந்த அத்தியாயத்தில் அந்த வழியை ஒரே ஒரு பறவையை வைத்துப் பார்க்கப்போகிறோம். அது எங்கள் அம்பாறை மாவட்டத்தின் தெற்கு மூலையில் வாழும் கருங்கழுத்து நாரை.

கல்முனையிலிருந்து அக்கரைப்பற்று, திருக்கோவில், கோமாரி வழியாகப் பொத்துவிலுக்கு எழுபது கிலோமீற்றர் அளவு வரும். அங்கிருந்து அறுகம்பையைத் தாண்டி, பாணமையைத் தாண்டி, முருகன் கோயில் இருக்கும் உகந்தைக்குப் போனால் குமண தேசியப் பூங்காவின் வாசல். உள்ளே கும்புக்கன் ஓயாவின் நீர் ஒரு ஒடுங்கிய வாய்க்கால் வழியாக வந்து நிறையும் இயற்கை நீர்நிலைதான் குமண வில்லு. பரப்பு சுமார் 200 ஹெக்டேர். ஓரமெல்லாம் கிண்ணை மரங்கள். மே முதல் ஜூலை வரை அந்த மரங்களில் கூழைக்கடா, மஞ்சள்மூக்கு நாரை, அரிவாள்மூக்கன், கரண்டிவாயன், கொக்கு, நீர்க்காகம் என்று நூற்றுக்கணக்கில் கூடு கட்டும். இந்த இடம் 1938 முதல் பறவைகள் சரணாலயம். 2010 இல், குமண ஈரநிலத் தொகுதியாக ஏறத்தாழ 19,000 ஹெக்டேர் நிலம் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது.

கருங்கழுத்து நாரை இந்தச் சந்தடியில் சேராது. அது சோடியாக வாழும் பறவை. ஒரு சோடி பெரியதொரு நிலப்பரப்பைத் தனக்கென்று பிடித்துக்கொண்டு, ஆண்டு முழுவதும் அதற்குள்ளேயே நடமாடும். உயரமான தனி மரத்தில் கூடு கட்டும். நின்றால் 130 முதல் 150 சென்ரிமீற்றர் உயரம், பத்து வயதுப் பிள்ளையின் தோளைத் தாண்டும். நீண்ட சிவப்புக் கால், கனத்த கறுப்பு அலகு, வெள்ளை உடல், சிறகின் நடுவே அகலமான கறுப்புப் பட்டை. கழுத்து தூரத்தில் கறுப்பாகத் தெரிந்தாலும், வெயில் சரியான கோணத்தில் விழும்போது நீலமும் பச்சையும் ஊதாவுமாக மின்னும். இறகின் நுண்ணிய அடுக்குகளில் ஒளி சிதறுவதால் வரும் மினுமினுப்பு அது. ஆணையும் பெண்ணையும் கண்ணை வைத்தே பிரித்துவிடலாம்: பெண்ணுக்கு மஞ்சள் விழி, ஆணுக்குக் கருங்கபில விழி. இந்தக் கண் விஷயத்தை ஞாபகத்தில் வைத்திருங்கள். கொஞ்சம் கழித்துத் தேவைப்படும்.

இந்த இனம் இந்தியாவிலும் உண்டு. வடக்கு ஆஸ்திரேலியாவில் இன்னும் நன்றாகவே வாழ்கிறது. பீகாரில் பறவை பிடிப்பதையே தொழிலாகக் கொண்ட மீர்ஷிகார் மக்களிடையே ஒரு வழக்கம் இருந்ததாம்: மணமுடிக்கப் போகும் இளைஞன் கருங்கழுத்து நாரை ஒன்றை உயிருடன் பிடித்துக் காட்ட வேண்டும். அந்த அலகுக்கு முன் போய் நிற்பது விளையாட்டான காரியம் இல்லை. ஓர் இளைஞன் இறந்த பிறகு, 1920களில் அந்த வழக்கம் நின்றுபோனது. இலங்கையிலோ இப்பறவை தேசியச் சிவப்புப் பட்டியலில் மிகக் கடுமையான ஆபத்தில் உள்ள இனங்களோடு வைக்கப்பட்டது. நாடு முழுவதையும் சேர்த்தாலும் ஐம்பதுக்குள் அடங்கிவிடும் என்பதே மதிப்பீடு. குமணயும் அதை ஒட்டிய யாலவும் அதன் கடைசி வலுவான இடங்கள்.

ஐம்பதுக்குள் அடங்கும் ஓர் இனத்தைப் பற்றிப் பேசும்போது, ஒவ்வொரு தகவலும் கனமாகிவிடுகிறது. தவறான தகவலும் அதே அளவு கனமானது. பெரும்போக வெள்ளாமை நடக்கும் காலத்தில் வட்டையிலிருந்து திரும்பும் ஒருவர், "தம்பி, வாய்க்கால் ஓரத்துல ஒரு பெரிய கொக்கு நிண்டிச்சி. காலெல்லாம் சிவப்பு, மேலு கறுப்பு" என்று சொன்னால் என்ன செய்வது? மகிழ்ச்சியில் குதிக்கக் கூடாது. "அது சும்மா கொக்கா இருக்கும்" என்று தட்டிவிடவும் கூடாது. "கழுத்து என்ன நிறம் காக்கா?" என்று கேட்க வேண்டும். எங்கள் வயல்களில் வெண்கழுத்து நாரை அடிக்கடி இறங்கும். அதற்கும் கால் சிவப்பு, உடல் கறுப்பு. ஆனால் கழுத்து பஞ்சு வைத்ததுபோல் வெள்ளை. கழுத்து கறுப்பு என்று அவர் உறுதியாகச் சொன்னால் அடுத்த கேள்வி வயிற்றைப் பற்றியது. அதுவும் வெள்ளை என்றால் தேடிப் போவதில் நியாயம் இருக்கிறது. நத்தைகுத்தி நாரையாக இருந்தால் அலகு மூடிய பிறகும் நடுவில் ஓர் இடைவெளி தெரியும். மஞ்சள்மூக்கு நாரைக்கு வாலருகே இளஞ்சிவப்புப் பூச்சு இருக்கும். பெருநாரைக்குத் தலையிலும் கழுத்திலும் இறகே கிடையாது.

சிக்கல் குஞ்சுப் பருவத்தில்தான். பறக்கத் தொடங்கிய இளம் கருங்கழுத்து நாரைக்குக் கழுத்து கபிலம், முதுகும் கபிலம், காலும் மங்கல். தாய் தகப்பனோடு நின்றால் தெரியும். தனியே நின்றால் அனுபவசாலிகளே தடுமாறுவார்கள். ஆனால் மிகப் பெறுமதியான தகவலும் அதுவே. பெரிய பறவை ஒன்று தெரிந்தால் அது உயிரோடு இருக்கிறது என்று பொருள். இளம் பறவை தெரிந்தால் இந்த இனம் இன்னும் இங்கே பெருகுகிறது என்று பொருள். அதனால், "அழகில்லாத பெரிய கபில நிறக் குருவி" என்று ஒருவர் கமராவைத் தாழ்த்திக்கொண்டால் எனக்கு மனம் பதறும். அந்தப் படத்தை எடுங்கள்!

அடையாளம் உறுதியாகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அடுத்த கேள்வி எண்ணிக்கை. விடுமுறை வாரம் ஒன்றில் இருபது வாகனங்கள் குமணக்குள் போகின்றன. பதினைந்து பேர் நாரையைப் படம் எடுக்கிறார்கள். எல்லோரும் நண்பர்களுக்கு அனுப்புகிறார்கள். ஒரு வாரத்தில் பதினைந்து காட்சிகள். நாரைகள் எத்தனை? பெரும்பாலும் ஒன்று, மிஞ்சினால் இரண்டு. தனக்கென்று ஓர் இடம் பிடித்து வாழும் பறவை மறுநாளும் அதே இடத்தில்தான் நிற்கும். பார்த்தவர்களின் எண்ணிக்கையைப் பறவைகளின் எண்ணிக்கையாக எடுத்துக்கொண்டால் ஐம்பது என்பது ஐந்நூறாகிவிடும். பிறகு அந்த இனத்துக்கு ஆபத்து எதுவும் இல்லை என்று யாராவது எழுதியும் விடுவார்கள்.

இங்கேதான் கண்ணின் நிறம் உதவிக்கு வருகிறது. ஓர் உதாரணம். சனிக்கிழமை காலை ஏழு மணிக்குப் பாணமைக் களப்பின் கரையில் ஒருவர் மஞ்சள் விழி உள்ள ஒரு பறவையைப் படம் எடுக்கிறார். அதே காலை ஏழு பத்துக்குக் குமண வில்லுவில் இன்னொருவர் ஒரு சோடியைக் காண்கிறார். இரண்டு இடத்துக்கும் நடுவே நேர்கோட்டில் இருபது கிலோமீற்றருக்கு மேல். பத்து நிமிடத்தில் எந்த நாரையும் அவ்வளவு தூரம் பறக்காது. ஆகவே குறைந்தது மூன்று பறவைகள், அவற்றில் பெண் குறைந்தது இரண்டு. இரண்டாவது காட்சி ஒரு மணித்தியாலம் பிந்தி இருந்தால் இந்தக் கணக்கு உடைந்துவிடும். அகலச் சிறகுள்ள நாரை அந்தத் தூரத்தை அதற்குள் கடந்துவிடும். நேரம் எழுதாத படம் கண்ணுக்கு விருந்தாகலாம். இந்தக் கணக்குக்கு உதவாது. இப்படிக் கிடைப்பதைக் குறைந்தபட்ச எண்ணிக்கை என்பார்கள். மொத்தம் எத்தனை என்று அது சொல்லாது. இதற்குக் குறையாது என்று சொல்லும். அரிதான ஓர் இனத்தைப் பொறுத்தவரை நிச்சயமாகப் பிடித்துக்கொள்ளக்கூடிய எண் அதுவே.

இனி, காணாமையின் கணக்கு. ஒரு களப்பில் நாரை வாழ்கிறது, ஆனால் ஒரு காலைப் பொழுது போய் நின்றால் அதைக் காணும் வாய்ப்பு நூற்றுக்கு முப்பதுதான் என்று வைத்துக்கொள்வோம். புல் மறைக்கலாம், பறவை அடுத்த குளத்துக்குப் போயிருக்கலாம். ஒரு தடவை போய்க் காணாமல் திரும்பும் வாய்ப்பு நூற்றுக்கு எழுபது. மூன்று தடவை போயும் காணாமல் இருக்கும் வாய்ப்பு 34. ஐந்து தடவைக்கு 17. பத்துத் தடவைக்கு மூன்றுக்கும் குறைவு. அப்படியென்றால், ஒருமுறை போய், "அங்கே ஒன்றும் இல்லை" என்பவரின் சொல்லில் பெரிய செய்தி எதுவும் இல்லை. பத்துமுறை போனதையும், பத்துமுறையும் காணாததையும் தேதியோடு எழுதி வைத்தவரின் கொப்பி பலமான சான்று. 2002 இல் டாரில் மெக்கென்ஸியும் அவரோடு சேர்ந்த ஆய்வாளர்களும் இந்தச் சிந்தனையை முறையான புள்ளியியல் வடிவத்தில் வெளியிட்டார்கள். ஓர் இனம் ஓர் இடத்தில் இருக்கிறதா என்பதையும், இருந்தால் நம் கண்ணில் படுமா என்பதையும் வெவ்வேறாக மதிப்பிட அது வழி காட்டியது. அதற்குத் தேவைப்படும் மூலப்பொருள், ஒரே இடத்துக்குத் திரும்பத் திரும்பப் போய் வந்தவர்களின் நேர்மையான குறிப்பு. அதே ஆண்டில்தான் கோர்னெல் பல்கலைக்கழகத்தின் பறவையியல் ஆய்வகமும் ஓடுபன் சங்கமும் இபேர்ட் என்ற உலகப் பதிவேட்டைத் தொடங்கின. அதில் பதிபவரிடம் கேட்கப்படும் ஒரு கேள்வி: நீங்கள் கண்ட எல்லாப் பறவைகளையும் எழுதினீர்களா? ஆம் என்றால், அந்தப் பட்டியலில் எழுதப்படாத பறவைகளும் தகவலாகிவிடுகின்றன.

இலங்கையில் பறவைகளைக் கண்டு எழுதிவைக்கும் பழக்கம் புதியது அல்ல. டாஸ்மேனியாவில் பிறந்து, பிரித்தானியப் பீரங்கிப் படை அதிகாரியாக இங்கே பணியாற்றிய வின்சென்ற் லெக், 1878க்கும் 1880க்கும் இடையில் இலங்கைப் பறவைகளின் வரலாற்றைப் பெருநூலாக வெளியிட்டார். கொழும்பு அருங்காட்சியகத்தில் பணியாற்றிய ஜி. எம். ஹென்றியின் கைந்நூல் 1955 இல் வந்தது. ஒரு தலைமுறையின் கண்ணைத் திறந்தது அது. 1943 இல் தொடங்கிய இலங்கைப் பறவைகள் கழகம் உறுப்பினர்களின் அவதானிப்புகளைத் தொகுத்துத் தொடர்ந்து வெளியிட்டு வந்தது. 1976 இல் பேராசிரியர் சரத் கொட்டகம உருவாக்கிய கள பறவையியல் குழு, கொழும்புப் பல்கலைக்கழகத்தைத் தளமாகக் கொண்டு மாணவர்களை இந்த வேலைக்குள் இழுத்தது. இவர்கள் எல்லோருக்கும் நான் நன்றியுள்ளவன். ஆனாலும் அந்தப் பக்கங்களைப் புரட்டும்போது ஒன்று உறுத்துகிறது. இந்தக் குறிப்புகள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்கின்றன. எழுதியவர்களில் பெரும்பாலோர் வெளியிலிருந்து வந்து போனவர்கள். கரைவலை இழுத்தவர்கள், எருமை மேய்த்தவர்கள், காவலுக்கு வாடியில் படுத்தவர்கள், உகந்தையிலிருந்து கதிர்காமத்துக்குக் குமணக் காட்டின் ஊடே கால்நடையாகப் போன யாத்திரிகர்கள் — இவர்கள் கண்டது அந்தப் பக்கங்களில் மிகக் குறைவு.

பிறகு போர் வந்தது. 1985 முதல் 2003 வரை குமண பூட்டிக் கிடந்தது. பதினெட்டு ஆண்டுகள்! அதற்கு அடுத்த ஆண்டு, டிசம்பர் 26 ஆம் திகதி, கடல் எழுந்து வந்தது. இலங்கையில் எந்த மாவட்டத்தையும்விட அம்பாறையிலேயே உயிரிழப்பு அதிகம், பத்தாயிரத்துக்கும் மேல். கல்முனை, மருதமுனை, சாய்ந்தமருது, காரைதீவு எல்லாம் பிணங்களை எண்ணிக்கொண்டிருந்த அந்த நாட்களில் நாரையை யார் எண்ணுவார்? எண்ணாதது பிழையும் இல்லை. ஆனால் இன்றைக்கு ஒரு வரைபடத்தில் இந்தக் கரையின் பறவைப் பதிவுகளைப் புள்ளிகளாக இட்டுப் பார்ப்பவர் இதை அறிந்திருக்க வேண்டும். புள்ளி இல்லாத இடத்தில் பறவை இல்லாமல் இருந்திருக்கலாம். பறவை நிற்க, பார்க்க ஆள் இல்லாமலும் இருந்திருக்கலாம். யாலவின் சுற்றுலாப் பாதைகளில் புள்ளிகள் அப்பிக்கிடப்பதற்கு அங்கே ஓடும் ஜீப்புகளும் ஒரு காரணம். சம்மாந்துறை வட்டைகளுக்கும் கிட்டங்கிச் சதுப்புக்கும் தொலைநோக்கியோடு வருபவர்கள் அதைவிட மிகச் சொற்பம்.

"கல்முனைப் பக்கம் நாரைக்கு இடம் ஏது? எல்லாம் வயலும் வீடும்தானே" என்று கேட்பவர்களுக்கு இந்தியாவிலிருந்து ஒரு பதில் உண்டு. கே. எஸ். கோபி சுந்தர் என்ற ஆய்வாளர் உத்தரப் பிரதேசத்தின் எட்டாவா, மைன்புரி மாவட்டங்களில் இந்த நாரையைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்தார். அங்கே காடு கிடையாது. நெல்லும் கோதுமையும் விளையும், சனநெருக்கம் மிக்க சமவெளி. அந்த வயல்களுக்கு நடுவே கருங்கழுத்து நாரைச் சோடிகள் கூடு கட்டிக் குஞ்சு வளர்ப்பதை அவர் பதிவு செய்தார். பருவமழை நன்றாகப் பெய்த ஆண்டுகளில் குஞ்சுகள் கூடுதலாகத் தேறின. வயலுக்கு நடுவே ஆங்காங்கே விட்டுவைத்த சிறு குளங்களும் சதுப்புகளும், வெட்டாமல் நின்ற பெரிய மரங்களும், தொல்லை கொடுக்காத உழவர்களும் சேர்ந்ததால் அது சாத்தியமானது.

இந்த முடிவை எங்கள் கரைக்குப் பொருத்திப் பார்க்கும்போது வருத்தமும் வருகிறது, நம்பிக்கையும் வருகிறது. நெல் எங்களிடம் இருக்கிறது. கல்லோயாத் திட்டத்தின் நீர் பாயும் வட்டைகள் மைல் கணக்கில் கிடக்கின்றன. மட்டக்களப்புக் களப்பின் தென்வால் கல்முனையின் பின்புறம் வரை நீண்டிருக்கிறது. இல்லாமல் போய்க்கொண்டிருப்பவை இடையில் இருந்த சின்னச் சின்ன நீர்நிலைகள். தோணாக்களின் ஓரம் மண் போட்டு நிரப்பப்படுகிறது. கிட்டங்கியில் ஆற்றுவாழை நீரின் முகத்தையே மூடுகிறது. ஆற்றுவாழை மூடிய நீரில் இரை தேடுவது நாரைக்குக் கடினம். முழங்கால் அளவு திறந்த நீரில் மெல்ல நடந்து, அலகால் துழாவி மீன் பிடிக்கும் பறவை அது. சதுப்பை நிரப்பி வீடு கட்டுபவர்களை நான் திட்டப்போவதில்லை. கடலுக்கும் வயலுக்கும் நடுவே ஒடுங்கிய ஒரு மணற்பட்டையில் இத்தனை ஆயிரம் குடும்பங்கள் நெருங்கி வாழும் ஊர்கள் இவை. ஆனால் எந்தச் சதுப்பில் எந்தப் பறவை இறங்குகிறது என்ற பதிவு கையில் இருந்தால், எதை விட்டுவைக்க வேண்டும் என்று பிரதேச செயலகத்தில் போய்ப் பேச முடியும். பதிவு இல்லாமல் போனால், "அங்கே ஒன்றும் இல்லை" என்ற ஒரு வாக்கியம் போதும், உழவு இயந்திரம் மண்ணோடு வந்துவிடும்.

பகிர்வதில் ஆபத்தும் இருக்கிறது. அதை மறைத்து எழுதக் கூடாது. கூட்டின் இடம் வெளியே தெரிந்தால் கமராக்கள் மொய்க்கும். பெற்ற பறவை கூட்டை விட்டு எழும். வெயிலில் கிடக்கும் முட்டைக்கும் குஞ்சுக்கும் அரை மணித்தியாலமே அதிகம். ஸ்கொட்லாந்தில் விரலடிப்பான் என்ற மீன்பிடிப் பருந்து இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அற்றுப்போய், 1950களில் மீண்டும் கூடு கட்ட வந்தது. இடத்தை இரகசியமாக வைத்துக் காவல் போட்டார்கள். அப்படியிருந்தும் 1958 இல் முட்டைகள் களவுபோயின. அடுத்த ஆண்டு, அரச பறவைகள் பாதுகாப்புச் சங்கத்தின் ஜோர்ஜ் வோட்டர்ஸ்டன் நேர்மாறான வழியை எடுத்தார். லொக் கார்ட்டன் ஏரியருகே தூரத்தில் ஓர் அவதானிப்புக் குடில் அமைத்து, பொதுமக்களை அழைத்தார். அந்த ஒரு பருவத்தில் 14,000 பேர் வந்து பார்த்தார்கள், குஞ்சுகளும் பறந்தன. பார்க்க வந்தவர்களின் கண்களே காவலாகின.

லொக் கார்ட்டனில் அது சரிவந்ததற்குத் தூரமும் ஒழுங்கும் காரணம். ஐம்பதுக்குள் அடங்கும் எங்கள் நாரைக்கு நான் சொல்லும் வழி வேறு. இரைதேடும் இடத்தில் கண்டால் தாராளமாகச் சொல்லுங்கள். கூட்டைக் கண்டால் படம் எடுக்க நிற்காமல் திரும்பிவந்து, வனசீவராசிகள் திணைக்களத்துக்கு மட்டும் சொல்லுங்கள். இபேர்ட் பதிவேட்டிலும் ஆபத்துக்குள்ளான சில இனங்களின் சரியான இடத்தைப் பொதுவில் காட்டாமல் மறைத்துவைக்கும் ஏற்பாடு உண்டு.

ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு 1987 முதல் ஒவ்வொரு ஆண்டும் ஜனவரியில் நடக்கிறது. வலசை வரும் வாத்துகளுக்கும் உள்ளான்களுக்கும் அது மிகப் பொருத்தமான மாதம். கருங்கழுத்து நாரைக்கு அவ்வளவு பொருந்தாது. எங்கள் கரையில் மாரி மழை கொட்டி முடிந்த நேரம் அது. கிட்டங்கி வீதியின் மேல் வெள்ளம் ஏறும். வட்டையும் களப்பும் ஒரே நீராகிவிடும். எங்கும் நீர் நிற்கும்போது ஒரு சோடி நாரை எங்கு வேண்டுமானாலும் நிற்கலாம். நாம் நிற்கும் இடத்தில் அது அகப்படும் வாய்ப்பு சுருங்கிவிடும். ஓகஸ்ட்டில் நிலைமை தலைகீழ். சிறுபோக அறுவடை நடக்கும், வில்லுகள் வற்றும், எஞ்சிய நீரிலே மீன் நெருங்கும், அங்கேயே நாரையும் வரும். எனவே ஜனவரிக் கணக்கோடு ஓகஸ்ட்டில் இன்னொரு கணக்கும் வேண்டும். கிட்டங்கி, சம்மாந்துறை வட்டை, ஒலுவில், திருக்கோவில், கோமாரி, பொத்துவில், பாணமை, உகந்தை, குமண ஆகிய இடங்களில் ஒரே நாளில், காலை ஆறு மணி முதல் எட்டு மணி வரை, இடத்துக்கு இரண்டு பேர் நின்றால் போதும். ஒருவர் பார்க்க, மற்றவர் எழுத. கண்டால் நேரம், கண்ணின் நிறம், இளசா முதிர்ந்ததா, எந்தப் பக்கம் பறந்தது. காணாவிட்டால் எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை நின்றோம், வானமும் நீரும் எப்படி இருந்தன. மருதமுனை, நிந்தவூர், பொத்துவில் பாடசாலைகளின் உயர்தர விஞ்ஞான மாணவர்களும், வழி தெரிந்த வட்டைக்காரக் காக்காமாரும் சேர்ந்தால் அந்தப் பதினெட்டுப் பேரும் ஒரு வாரத்துக்குள் கிடைத்துவிடுவார்கள்.